காத்திருப்பு எதிர்நோக்கு ஆவது எப்படி?

காத்திருத்தல் என்றால் என்னவென்று இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பதிவுக்காகக் காத்திருந்தோம். நிவாரண அட்டைக்காகக் காத்திருந்தோம். பாதை திறக்கக் காத்திருந்தோம். கண்ணிவெடி அகற்றி முடியும்வரை காத்திருந்தோம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு வெளியேறிய குடும்பங்களிற் சில, காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட பின்னரும், இன்னமும் தமது வளவுக்குள் கால்வைக்க முடியாதிருக்கின்றன. அன்று தாயின் இடுப்பிலிருந்த பிள்ளைகள் இன்று தாமே பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

"சுவாமி, இன்னும் எவ்வளவு காலத்துக்கு நம்பிக்கொண்டிருக்கிறது?" இந்தக் கேள்வியைச் செவிமடுக்காத பங்குக் குரு வடக்கிலோ கிழக்கிலோ இருக்க முடியாது. "பொறுமையாயிருங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது கேள்விக்குப் பதிலாகாது. விசுவாசிகளாகிய நாம் எதை எதிர்பார்க்கிறோம், எப்படி எதிர்பார்க்கிறோம், எதிர்பார்த்திருக்கும் நாட்களில் என்ன செய்கிறோம் என்பவற்றை நிதானமாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

பழைய செபப் புத்தகங்களிற் படித்தவர்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என மூன்று புண்ணியங்களை மனனம் செய்திருப்பார்கள். 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, இவற்றுள் இரண்டாவதை 'எதிர்நோக்கு' என்று அழைக்கிறது. நல்ல சொல். முகத்தைத் திருப்பி, வரப்போவதை நோக்கி நிற்பது என்பது அதன் பொருள்.

எதிர்நோக்கின் பொருளை நான்கு அடையாளங்களால் விளக்குகிறார் புனித அக்குவினாஸ் தோமையார். அது நல்லதாக இருக்கவேண்டும். இனி வரவேண்டியதாக இருக்கவேண்டும். அடைவதற்குக் கடினமானதாக இருக்கவேண்டும். ஆயினும் இயலக்கூடியதாக இருக்கவேண்டும். இதைப் புரிந்துகொள்ளக் கமக்காரருக்கு இலத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புழுதி விதைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாசியில் மண் காய்ந்து கிடக்கிறது. வானத்தில் மேகமில்லை. ஆயினும் உழுது நெல்லை வீசுகிறோம். அறுவடை நல்லது, அது இன்னும் வரவில்லை, மழை பிந்தலாம், வெள்ளம் வரலாம், ஆகவே கடினமானது, ஆனால் இயலாதது அல்ல. மழை பெய்த பின்னர்தான் விதைப்பேன் என்றிருப்பவர் ஈரத்தையும் காலத்தையும் இழக்கிறார். மழையே தேவையில்லை என்றிருப்பவர் விதையை இழக்கிறார்.

கிறிஸ்தவ எதிர்நோக்கில் இன்னும் ஒன்று சேர்கிறது. 'இயலக்கூடியது' என்று நாம் சொல்வது நமது பலத்தை மட்டும் கணக்கிட்டு அல்ல. இறந்த இயேசுவை உயிர்ப்பித்த இறைவனின் வாக்கில் ஊன்றி நின்று சொல்கிறோம்.

இரண்டு பக்கமும் பள்ளம்

எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று 1992இல் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஒன்று அவநம்பிக்கை, மற்றையது மிதமிஞ்சிய துணிபு. வரம்பில் நடப்பவருக்கு இரு புறமும் பள்ளம் இருப்பதுபோல, இடம்பெயர்ந்தவருக்கும் இவ்விரண்டும் இரு புறமும் இருக்கின்றன.

"இனி எங்களுக்கு என்ன கிடக்கு?" என்பது முதலாவது. இது பெரிய அழுகையாக வருவதில்லை. கிணற்றடியில் ஓடும் தண்ணீருக்கு ஒரு பாத்தி கட்டாமல் விடுவதில் வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போகாத நாளில் ஏனென்று கேளாமல் விடுவதில் வரும். மாலையில் சாராயப் போத்தலோடு வரும். இப்படி இருப்பவர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல முறை பிடுங்கி நடப்பட்ட கன்று வாடுவது இயல்பு. ஆனால் வாட்டத்தை நோயென்று கண்டுகொண்டால்தான் தண்ணீர் ஊற்றலாம்.

"எல்லாம் தானாய்ச் சரிவரும்" என்பது இரண்டாவது. இது பக்திபோலத் தோன்றுவதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். நேர்த்தி வைத்தாயிற்று, இனி நாம் செய்ய ஒன்றுமில்லை என்று இருப்பது. அடுத்த தேர்தல் முடியக் காணி கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, இருக்கும் ஆட்டையும் விற்றுச் செலவழிப்பது. இவையெல்லாம் எதிர்நோக்கு அல்ல. திகதி குறித்துச் சொல்லப்படும் வாக்குறுதிகள் பொய்க்கும்போது, அவற்றோடு விசுவாசமும் சேர்ந்து விழுந்துவிடுகிறது.

எரேமியா சொன்ன இரண்டு வேலைகள்

இடம்பெயர்ந்தோருக்கென்றே எழுதப்பட்டது போன்ற பகுதி விவிலியத்தில் உண்டு. எரேமியா நூலின் 28, 29, 32ஆம் அதிகாரங்களை ஒன்றாகச் சேர்த்து வாசிக்கவேண்டும்.

கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞரையும் வேறு பலரையும் நாடுகடத்தினர். பின்னர் அனனியா என்னும் இறைவாக்கினர் ஆலயத்தில் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அறிவித்தார். கேட்ட மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! எரேமியாவும் முதலில் 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றுதான் சொன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆயினும் அது ஆண்டவர் சொல்லாத வாக்கு என்று பின்னர் துணிந்து எடுத்துக்காட்டினார்.

அதன்பின் நாடுகடத்தப்பட்டோருக்கு அவர் எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அதில் எழுதினார். கடிதத்தை வாசித்த பெரியவர்களுட் பலர் தாங்கள் திரும்பப் போவதில்லை என்பதை அன்றே விளங்கிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று ஆண்டவர் கூறுகிறார். இது முதலாவது வேலை: நிற்கும் இடத்தில் நடுவது.

சில ஆண்டுகளின் பின் எருசலேமையே பாபிலோனியப் படை முற்றுகையிட்டது. எரேமியாவோ காவலர் முற்றத்தில் கைதியாக இருக்கிறார். அந்த நேரத்தில் அவரது சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள வயலை வாங்கும்படி கேட்கிறார். நாடே கைவிட்டுப் போகும் வேளையில் யார் காணி வாங்குவார்? எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை, அதாவது ஏறத்தாழ 200 கிராமை, நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் ஒப்பமிட்டனர். உறுதி இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டது. நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி அவற்றை மண்பானையில் இட்டு வைக்குமாறு பாரூக்கிடம் கொடுத்தார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். இது இரண்டாவது வேலை: விட்டுவந்த நிலத்தின் உரிமையைக் கைவிடாதிருப்பது.

"இங்கே கிணறு வெட்டினால் ஊரை மறந்ததாகிவிடும்" என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. "ஊரை நினைத்துக்கொண்டிருந்தால் இங்கே பிழைக்க முடியாது" என்று சொல்வோரும் உண்டு. எரேமியா இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார். ஒரு கை இங்கே நடுகிறது. மறு கை அங்குள்ள உறுதியைப் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒரே எதிர்நோக்கின் கைகள்.

எரேமியா தாம் வாங்கிய வயலில் ஒரு நாளும் அறுவடை செய்ததாக விவிலியம் சொல்லவில்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கி.மு. 538இல் பாரசீக மன்னர் சைரசு திரும்பிப்போக அனுமதித்தபோது பயணப்பட்டவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. பனை நடுகிறவருக்கு இது விளங்கும். அது காய்க்க 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நட்ட அப்பு அதன் பழத்தைத் தின்பார் என்று நடுவதில்லை.

நம் மண்ணில் காத்திருந்தவர்கள்

இத்தகைய காத்திருப்பு நமது திருச்சபைக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். அடுத்த 29 ஆண்டுகள் பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எப்போது ஒரு குரு வருவார் என்று சொல்லவும் எவரும் இல்லை. ஆயினும் வீடுகளில் செபம் அணைந்துபோகவில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து, கழுத்திற் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டபோது, அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொள்ள ஆட்கள் இருந்தார்கள். சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக் காத்தார்கள். செபமாலை சொல்வதை அந்த 29 ஆண்டுகளில் நிறுத்தியிருந்தால், வந்தவர் யாரென்றே தெரிந்திராது. எதிர்பார்த்திருப்பவருக்குத்தான் வருகிறவரைத் தெரியும். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் சென்று செபித்தார்.

மடு மாதாவின் சுரூபமும் இடம்பெயர்ந்த சுரூபமே. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்குத் தப்பியோடிய குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குட் போயின. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது அது தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகஸ்ட் மாதம் மீண்டும் மடுவுக்கு வந்தது. அந்தத் தாயின் முன் முழந்தாளிடும்போது, ஓடுவதென்றால் என்னவென்று தெரிந்த ஒருவரின் முன்தான் நிற்கிறோம்.

அண்மைய உதாரணம் இரணைதீவு. அத்தீவின் மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதாநகரில் வாழ்ந்தனர். 2017 மே முதலாம் திகதி தமது ஊருக்குத் திரும்பும் உரிமை கேட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு வீதியோரத்தில் அமர்ந்திருந்தும் முடிவு வரவில்லை. 2018 ஏப்பிரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளோடு படகுகளில் ஏறித் தமது தீவில் இறங்கி, அங்கிருந்த தேவாலயத்திற் செபித்தனர். பின்னர் அவர்கள் அங்கே தங்குவதற்கு அரசு இணங்கியது. அத்தோடு எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் 26 ஆண்டுகள் எவரும் தமது ஊரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் படகுகளில் ஏற இளைஞர் இருந்திருக்கமாட்டார்கள்.

காத்திருப்புக்கென்று ஒரு காலம்

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை திருவருகைக் காலமாக அனுசரிக்கிறது. நமது பகுதிகளில் அது கார்த்திகை, மார்கழி மாதங்கள். காலபோக நெல் வயலிற் பச்சையாக நிற்கும். கதிர் இன்னும் முற்றியிராது. கமக்காரர் களை பிடுங்குவார், வரம்பைக் கட்டுவார், வெள்ளம் வடியத் தவாளிப்பை வெட்டுவார். கதிரை இழுத்து வளர்க்க அவரால் முடியாது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுத்திருக்கும் பயிரிடுவோரைப் பாருங்கள் என்று யாக்கோபு தமது திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்திற் சொல்வதும் இதைத்தான். சும்மா இருப்பதும் இல்லை, அவசரப்படுவதும் இல்லை.

திருவருகைக் காலம் முடிந்து பாலன் இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுக்கும் நிகழ்ச்சியை லூக்கா கூறும்போது, இரண்டு முதியவர்களைக் காட்டுகிறார். சிமியோன் ஒருவர், 84 வயதுக் கைம்பெண்ணான அன்னா மற்றவர். எத்தனையோ தாய்மார் குழந்தைகளோடு அந்தக் கோவிலுக்கு வந்திருப்பார்கள். இந்தக் குழந்தையை இனங்கண்டவர்கள் அவர்கள் இருவரும். நாள்தோறும் எதிர்பார்த்துப் பழகிய கண் அது.

அன்றாடம் செய்யக்கூடியவை

எதிர்நோக்கு இறைவனின் கொடை. ஆனால் விதையும் கொடைதான். அதைப் பேணுவது நமது வேலை. ஒரு குடும்பம் எளிதாகத் தொடங்கக்கூடிய ஆறு பழக்கங்களைக் கீழே தருகிறோம்.

1. பெயர் சொல்லிச் செபியுங்கள். "எல்லாம் நல்லபடி நடக்கவேணும்" என்று பொதுவாக மன்றாடுவதோடு, இன்று எதிர்பார்க்கும் ஒரு காரியத்தைக் காலையில் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மகளின் காய்ச்சல், பிரதேச செயலகத்துக்குப் போகும் பயணம், நாற்றுமேடை. இரவில் குடும்பமாகக் கூடி, அது என்னவாயிற்று என்று பேசுங்கள். கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள். கிடைக்காததை மறைக்காமல் ஆண்டவரிடம் மீண்டும் சொல்லுங்கள்.

2. ஊரின் கதையைச் சொல்லுங்கள். இஸ்ரயேலர் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும்போது, தம் முன்னோர் நாடோடியாய் அலைந்த கதையைச் சொல்லியே காணிக்கை வைக்கவேண்டும் என்று இணைச்சட்டம் 26ஆம் அதிகாரம் விதிக்கிறது. பிள்ளைகளோடு இருந்து ஊரின் படத்தைக் கீறுங்கள். வயல்களின் பெயர், கிணறு, குளக்கட்டு, கோவில், பக்கத்து வீட்டார் யார் யார் என்பவற்றைக் குறியுங்கள். அப்புவும் ஆச்சியும் இருக்கும்போதே இதைச் செய்துவிடவேண்டும்.

3. விதையை வையுங்கள். ஒரு பேணி அளவேனும் நல்ல விதை வீட்டில் இருக்கட்டும். நெல்லைப் பல்லிற் கடித்தால் 'டக்' என்று உடையும்வரை காயவிட்டு, காற்றுப் புகாமல் மூடுங்கள். விதைக்குமுன் 100 மணிகளை எண்ணி, ஈரச் சாக்குத்துண்டில் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுங்கள். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. குறைந்தால் கூட்டி விதைக்கவேண்டும், அல்லது வேறு விதை தேடவேண்டும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்கள் எவரிடமேனும் இருந்தால், ஒரு பிடி வாங்கிப் பெருக்குங்கள்.

4. நிற்கும் இடத்தில் நடுங்கள். இரவல் காணியாயினும், காணிக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு முருங்கைத் தடியும் இரண்டு வாழையும் வைக்கலாம். கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் கத்தரியும் பசளியும் வளரும். நாளை போய்விட்டால் வேறொருவர் ஆய்ந்து சமைப்பார். நாம் வரும்போது யாரோ நட்டதன் காயை நாமும் தின்றோம் அல்லவா?

5. உறுதியைக் காத்துக்கொள்ளுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பதியப்பட்ட உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். எரேமியாவின் மண்பானை இன்று ஒரு பிளாஸ்ரிக் உறையாக இருக்கலாம்.

6. சேர்ந்து எதிர்பாருங்கள். தனியே காத்திருப்பவர் விரைவில் களைத்துப்போவார். அன்பியத்திலும் மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் கூடுங்கள். மனு எழுதுவதானால் எல்லாருமாக எழுதுங்கள். இடம்பெயர்வு கத்தோலிக்கருக்கு மட்டும் வந்ததல்ல. சைவ மக்களும் ஓடினார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். நமது காணிக்காகக் கேட்கும்போது அவர்களது காணியையும் மறவாது கேட்பதே நீதி. நமக்கு இடம் தந்த ஊராரின் கிணற்றையும் வீதியையும் சிரமதானத்தில் சேர்ந்து திருத்துவதும் எரேமியாவின் கடிதத்தில் அடங்கும்.

கண்ணீருக்கும் இடமுண்டு

எதிர்நோக்கு உள்ளவர் அழக்கூடாது என்று எவரும் சொல்லவேண்டாம். திருப்பாடல்களிற் பல, ஆண்டவரே ஏன் மறந்துவிட்டீர் என்று கேட்கும் புலம்பல்கள்தாம். இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கல்லறையடியில் அழுதார். குறிப்பாக, காணாமற் போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயிடம் "வந்துவிடுவான்" என்றோ "மறந்துவிடுங்கோ" என்றோ சொல்லும் உரிமை நமக்கில்லை. பக்கத்தில் இருக்கலாம். உண்மையை அறியும் அவரது உரிமைக்காக அவரோடு நிற்கலாம். இறைவன் எவரையும் தொலைத்துவிடுவதில்லை என்று அவரோடு சேர்ந்து மன்றாடலாம்.

சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் பாடலான 126ஆம் திருப்பாடல், அழுதுகொண்டே விதைக்கச் செல்வோரைப் பற்றிப் பேசுகிறது. விதைக்கிறவர் ஏன் அழவேண்டும்? பஞ்ச காலத்தில் விதைநெல்லை எடுத்து மண்ணிற் போட்டவருக்கு அது தெரியும். வீட்டிலே பிள்ளை பசித்திருக்கும். கையிலுள்ள நெல்லை உலையிற் போட்டால் இன்றைக்கு ஒரு நேரச் சோறு. அந்த நெல்லை மண்ணுக்குக் கொடுக்கும்போது கண்ணீர் வரும். அந்த மனிதர் கண்ணீரை நிறுத்தவில்லை, விதைப்பையும் நிறுத்தவில்லை. திருச்சபை எதிர்நோக்கு என்று சொல்வது இவரது நிலையைத்தான்.

2025ஆம் ஆண்டைத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது, நம்மை 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று அழைத்தது. பயணி என்றால் இன்னும் வீடு சேராதவர். நமது இறுதி வீடு இறைவனிடத்தில் உண்டு என்று விசுவசிக்கிறோம். அதனால் இந்த மண்ணின் வீடு வேண்டாம் என்று ஆகிவிடாது. படைப்பு முழுவதும் விடுதலைக்காகப் பெருமூச்சு விடுகிறது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். அந்தப் படைப்பில் நமது வயலும் பனந்தோப்பும் அடங்கும். ஆகவே அவற்றுக்காக மன்றாடுவதும் உழைப்பதும் உரிமை கேட்பதும் விசுவாச வாழ்வின் பகுதியே.

அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாட

1. அவநம்பிக்கை, மிதமிஞ்சிய துணிபு ஆகிய இரண்டில் எது நமது குடியிருப்பிற் கூடுதலாகக் காணப்படுகிறது? எந்தச் செயல்களில் அது வெளிப்படுகிறது?

2. எரேமியா 29:4-14, 32:6-15 ஆகிய பகுதிகளை வாசியுங்கள். 'நிற்கும் இடத்தில் நடுவது', 'விட்டுவந்த நிலத்தைக் கைவிடாதிருப்பது' ஆகிய இரண்டில் எதை நாம் கவனியாது விட்டிருக்கிறோம்?

3. நமது ஊரின் படத்தைக் கீறுவதற்கு உதவக்கூடிய முதியவர்கள் யார்? எந்த நாளில் அவர்களோடு கூடலாம்?

4. நம்மிடையே எவரெவரிடம் என்னென்ன விதை இருக்கிறது? வரும் போகத்துக்கு யார் யாருக்குப் பகிரலாம்?